கடலூர் டு பெங்களூர் நைட் பஸ்: பென்சில் நோட்டுல இருந்து ஸ்கிரீனுக்கு

கடலூர் மஞ்சக்குப்பத்துல ஒரு ட்ராவல்ஸ் ஆபீஸ், பத்துக்கு எட்டு ரூம்தான், ரெண்டு பிளாஸ்டிக் சேர், ஒரு டேபிள், டேபிள் மேல மூணு போனு, நடுவுல நீளவாக்குல கோடு போட்ட நோட்டு ஒண்ணு. நாலு ஸ்லீப்பர் பஸ்சோட மொத்த வியாபாரமும் அந்த நோட்டுலதான் நடந்துட்டு இருந்துச்சு. நாங்க பாண்டில மூணு பேரா சேந்து சாப்ட்வேர் வேல பாக்குறோம். எங்கள கூப்ட்டு ஓனர் சொன்னது ஒரே லைன்: "தம்பி, ஆன்லைன்ல டிக்கெட் போடணும், அவ்ளோதான்." அந்த அவ்ளோதான நம்பி மூணு மாசத்துல முடிச்சு குடுத்துடுறோம்னு வாய விட்டோம். ஒன்றரை வருஷத்துக்கு மேல ஆச்சு, இன்னமும் பாக்கி இருக்கு.

எங்க சறுக்குனோம், எத மாத்துனோம்னு எழுதி வச்சா இதே மாதிரி வேல எடுக்குறவங்களுக்கு உபயோகப்படும்னுதான் இது. ட்ராவல்ஸ் பேரு, ஆளுங்க பேரு எதுவும் போடல.

ரூட்டு இப்படி. கடலூர்ல ராத்திரி 10.15, அரியாங்குப்பம் வழியா பாண்டி 11.15, திண்டிவனம் 12.10, செஞ்சி, திருவண்ணாமலை, செங்கம், ஊத்தங்கரை, கிருஷ்ணகிரி, ஓசூர், அப்புறம் எலக்ட்ரானிக் சிட்டி, சில்க் போர்டு, மடிவாளா. விடியக்கால அஞ்சே முக்காலுக்கு மடிவாளாவுல இறக்கி விட்டுடுவாங்க. பாண்டில இருந்து பெங்களூர் 300 கிலோமீட்டர் சொச்சம். பெருசா தூரம் இல்ல, ஆனா தமிழ்நாட்டுல கிளம்பி பாண்டிக்குள்ள பூந்து மறுபடி தமிழ்நாடு வந்து கர்நாடகாவுக்கு போற ரூட்டு, அதனால பர்மிட்டு, டாக்ஸ்னு ஓனருக்கு தனி தலவலி. நமக்கு அது பிரச்சின இல்லன்னு ஆரம்பத்துல நெனச்சோம், பின்னாடி அதுவும் எங்க தலைல வந்து விழுந்துச்சு.

நோட்டு

முதல் ரெண்டு வாரம் ப்ரோகிராம் ஒரு வரி எழுதல, கவுன்டர் அண்ணன் பக்கத்துல உக்காந்து பாத்துட்டு இருந்தோம். இருபது வருஷமா அதே சேர்ல உக்காந்து இருக்குறவரு. ஒரு பக்கத்துக்கு ஒரு ட்ரிப்பு, 30 கட்டம், கீழ 15 மேல 15. பென்சில்ல எழுதுனா போன்ல சொல்லி வச்சது, ஆளு வந்தா வரலாம் வராட்டி போகலாம். நீல பேனான்னா காசு வந்தாச்சு. சிவப்பு வட்டம் போட்டா லேடீஸ். கட்டத்துக்கு குறுக்க ஒரு கோடு போட்டு மேல ஒரு பேரு கீழ ஒரு பேரு இருந்தா, கடலூர்ல ஏறுற ஆளு திருவண்ணாமலைல இறங்கிடுவாரு, அதே பெர்த்துல திருவண்ணாமலைல வேற ஆளு ஏறுவாருன்னு அர்த்தம். ஓரத்துல ஒரு புள்ளி இருந்துச்சு, என்னண்ணா இதுன்னு கேட்டா சிரிக்கிறாரு, அது கடைசி நேரத்துல கேன்சல் பண்ற ஆளாம், அந்த ஆளுக்கு பென்சில்ல கூட எழுதாம மனசுலதான் வச்சிருப்பாராம்.

பேருன்னு சொன்னேனே, அதுவும் நெஜப் பேரு கிடையாது. "முந்திரி", "நெய்வேலி சார்", "காலேஜ் மேடம்", "ஓட்டி மீன்". ஓட்டின்னா கடலூர் ஓல்டு டவுன், துறைமுகம் பக்கம் மீன் வியாபாரம் பண்றவரு. வாராவாரம் போற ஆளுங்க, குரல கேட்டாலே இவருக்கு தெரியும், போன் நம்பர் எழுதுற பழக்கமே இல்ல.

நாங்க இத எல்லாம் குறிச்சுக்கிட்டோம், குறிச்சுட்டு என்ன பண்ணோம்னா எல்லாத்தையும் தூக்கி ஓரமா வச்சுட்டு பெரிய டிக்கெட் ஆப்புங்கள பாத்து அதே மாதிரி ஒண்ணு கட்டுனோம். சீட்டு மேப்பு, பேரு, வயசு, ஆணா பொண்ணா, போன் நம்பர், ஈமெயில், போர்டிங் பாயிண்ட், டிராப் பாயிண்ட், பேமென்ட். பாக்க ரொம்ப அழகா இருந்துச்சு.

இந்திரா காந்தி சிலைகிட்ட ரெண்டு பேரு

ஆரம்பிச்சு ஆறாவது வாரம், ஒரு வெள்ளிக்கிழம, திங்கள் லீவு சேந்த வாரம். பாண்டி பஸ்சுக்கு வெள்ளி ஞாயிறுதான் உயிரு, பெங்களூர்ல வேல பாக்குற நம்ம பசங்க இங்க வர்றதும் அங்கருந்து பீச்சு பாக்க வர்றவங்களும் சேந்தா பெர்த்து கெடைக்காது. ராத்திரி 11.20க்கு பாண்டி இந்திரா காந்தி சிலை பிக்கப்புல இருந்து டிரைவர் போனு: கீழ சிங்கிள் ஏழாம் நம்பருக்கு ரெண்டு பேரு நிக்கிறாங்க, ரெண்டு பேர்கிட்டயும் ப்ரூஃப் இருக்கு. ஒருத்தர் வெப்சைட்ல போட்டு எஸ்எம்எஸ் வச்சிருக்காரு. இன்னொருத்தர் கவுன்டர் அண்ணன்கிட்ட போன்ல சொல்லி, சாயந்தரம் யுபிஐல காசும் போட்டு விட்டவரு, நெய்வேலி சார் மாதிரி பழைய கஸ்டமர். கிளீனர் படுக்குற இடத்துல ஒருத்தர ஏத்தி, பாதி காச திருப்பி குடுத்து, பஸ்சு கிளம்ப பன்னெண்டு ஆச்சு.

எங்களுக்கு மொதல்ல தோணுனது ரேஸ் கண்டிஷன். ரெண்டு பேரு ஒரே செகண்டுல அமுக்கி இருப்பாங்க, லாக் சரியா விழல, அப்படி இப்படின்னு ராத்திரி பூரா சர்வர் பதிவுங்கள பாத்தோம். ஒண்ணும் இல்ல. சிஸ்டத்துல அந்த பெர்த்துக்கு ஒரே ஒரு புக்கிங்தான். இன்னொன்னு நோட்டுல இருந்துச்சு, நீல பேனாவுல.

காலைல அண்ணன்கிட்ட போய் ஏண்ணா இத சிஸ்டத்துல போடலன்னு கேட்டதுக்கு அவரு கோவப்படல, போன எடுத்து ஸ்பீக்கர்ல போட்டு, "இப்ப நீ போடு பா, நான் கஸ்டமர்"ன்னாரு. போட்டேன். பேரு கேட்டேன், வயசு கேட்டேன், ஈமெயில் கேட்டேன் (அத கேக்குறப்பவே அவரு மூஞ்சி மாறிடுச்சு), போர்டிங் பாயிண்ட் லிஸ்ட்டு இறக்குனேன், ஓகே அமுக்குனேன், அதுக்குள்ள ரெண்டாவது போனு அடிச்சு நின்னு மூணாவது போனு அடிக்குது. நோட்டுல அவரு பென்சில எடுத்து ஏழாம் கட்டத்துல "நெய்" ன்னு எழுதுறதுக்கு மூணு செகண்டு. சாயந்தரம் அஞ்சுல இருந்து ஒம்போது வரைக்கும் அந்த போனு விடாம அடிக்கும், அந்த நேரத்துல எங்க ஃபாரத்த நிரப்புற ஆளு வியாபாரத்த விட்டுட்டு உக்காரணும்.

அதுக்கப்புறம்தான் எங்களுக்கு ஒண்ணு மண்டைல ஏறுச்சு. நாங்க கட்டுறது வெப்சைட்டுன்னு நெனச்சுட்டு இருந்தோம், ஆனா பென்சிலவிட வேகமா ஒண்ண கட்டலன்னா வெப்சைட்டுல இருக்குறது எல்லாம் பொய்தான். கஸ்டமர் பக்கத்த அப்படியே நிறுத்திட்டு ஒரு மாசம் கவுன்டர் ஸ்கிரீன மட்டும் மாத்துனோம். 30 கட்டமும் நோட்டு மாதிரியே ஒரே பக்கத்துல, கட்டத்த தொட்டா பென்சில், கூப்ட்டு வச்ச பேர அடிச்சா போதும், வேற எதுவும் கட்டாயம் இல்ல. மறுபடி தொட்டா நீலம். நீளமா அமுக்குனா லேடீஸ். போன் நம்பர் பிறகு போட்டுக்கலாம், ஆனா பஸ்சு கிளம்ப ஒரு மணி நேரம் முன்னாடி நம்பர் இல்லாத கட்டம் எல்லாம் ஆரஞ்சா மாறும். பென்சிலுக்கு காலாவதி உண்டு, ராத்திரி எட்டுக்குள்ள காசு வரலன்னா தானா கழண்டு ஆன்லைனுக்கு போயிடும். இந்த எட்டு மணி அவரோட ரூல்தான், நாங்க கண்டுபிடிச்சது இல்ல, இருபது வருஷமா எட்டு மணிக்கு ரப்பர் எடுத்து அழிச்சுட்டு இருந்திருக்காரு.

பஸ் டிக்கெட் ஆப்பு ரெட்பஸ் எப்படி வந்துச்சுன்னு நிறைய பேருக்கு தெரிஞ்சிருக்கும், 2005 தீபாவளிக்கு பெங்களூர்ல இருந்து ஹைதராபாத் போக ஃபணீந்திர சாமாவுக்கு டிக்கெட் கெடைக்கல, ஏன் கெடைக்கலன்னு ஏஜென்ட் ஏஜென்டா விசாரிக்க போய் 2006ல கம்பெனி ஆரம்பிச்சாரு. அந்த கதைல முக்கியமான விஷயம், எந்த பஸ்சுல எத்தன சீட்டு காலியா இருக்குன்னு ஒரே இடத்துல யாருக்கும் தெரியாதுங்கறதுதான். ஒவ்வொரு ஏஜென்டும் போன் பண்ணித்தான் கேக்கணும். எங்க கடலூர் கவுன்டர்லயும் அதே வியாதி சின்ன சைஸ்ல இருந்துச்சு. ஆப்புக்கு 12, பாண்டி கவுன்டருக்கு 8, மீதி கடலூருக்குன்னு கோட்டா பிரிச்சு வச்சிருந்தாங்க, பாண்டில ஃபுல்லுன்னு ஆள திருப்பி அனுப்புற அதே நேரம் கடலூர் பங்குல நாலு பெர்த்து காத்து வாங்கும். கோட்டாவ எடுத்துடலாம்னு சொன்னப்போ ஓனர் ஒத்துக்கவே இல்ல, "ஆப்காரன் எல்லாத்தையும் வித்துட்டா நம்ம ஊர் ஆளுக்கு என்ன பண்றது?" நியாயமான பயம். கடைசில நாலே நாலு பெர்த்து மட்டும் கடலூருக்குன்னு வச்சுட்டு மீதி 26ஐயும் பொதுவுல விட்டோம், அந்த நாலும் சாயந்தரம் ஆறு மணிக்கு மேல திறந்துடும்.

ஒரு பெர்த்து, ரெண்டு ஆளு, சண்ட இல்ல

இப்ப கொஞ்சம் டெக்னிக்கல். வேணாங்கறவங்க தாண்டி போயிடலாம், ஆனா இதே வேல பண்றவங்க இத பாருங்க.

அந்த குறுக்குக் கோடு போட்ட கட்டம் இருக்குல்ல, கடலூர்–திருவண்ணாமலை ஒரு ஆளு, திருவண்ணாமலை–பெங்களூர் இன்னொரு ஆளு. எங்க முதல் டேபிள்ல பெர்த்துக்கு ஒரு ஸ்டேட்டஸ்தான்: காலி, இல்லாட்டி புக்டு. அதுல இத போடவே முடியாது. அப்புறம் ஸ்டாப்புக்கு எல்லாம் வரிசையா நம்பர் குடுத்தோம். கடலூர் 0, பாண்டி 1, திண்டிவனம் 2, செஞ்சி 3, திருவண்ணாமலை 4, ஓசூர் 5, பெங்களூர் 6. ஒரு டிக்கெட்டுன்னா ட்ரிப்பு, பெர்த்து, எந்த நம்பர்ல இருந்து எந்த நம்பர் வரைக்கும். கடலூர்–திருவண்ணாமலைன்னா 0ல இருந்து 4 வரைக்கும், ஆனா 4 சேராது. அடுத்தவரு 4ல இருந்து 6. மோதாது.

மோதுதா இல்லையான்னு பாக்குற வேலைய நம்ம ப்ரோகிராம்ல வைக்காதீங்க, டேட்டாபேஸ்கிட்ட விட்டுடுங்க. போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ்ல ரேஞ்ச் டைப்பு (இதுல இருந்து இது வரைக்கும்னு ஒரே மதிப்பா வைக்கிறது) 9.2 வெர்ஷன்ல இருந்தே இருக்கு, எக்ஸ்க்ளூஷன் கன்ஸ்ட்ரெயின்டு (மோதுறத உள்ள விடாத ரூல்) அதுக்கும் முன்னாடி 9.0லயே வந்துடுச்சு. ட்ரிப்பு சமம், பெர்த்து சமம், ரேஞ்சு ஒண்ணு மேல ஒண்ணு விழுதுன்னா உள்ள விடாதன்னு ஒரே கன்ஸ்ட்ரெயின்டு. ட்ரிப்பு நம்பர் மாதிரி டேபிள்ல இருக்குற சாதா மதிப்பையும் அதே இன்டெக்ஸ்ல சேக்கணும்னா பிட்ரீ ஜிஸ்ட் எக்ஸ்டென்ஷன போட்டுக்கணும். இதுக்கு அப்புறம் எத்தன கவுன்டர், எத்தன ஆப்பு ஒரே செகண்டுல அமுக்குனாலும் ஒருத்தருக்குத்தான் போகும், மத்தவங்களுக்கு எர்ரர். நிம்மதியா தூங்கலாம்.

இதுல நாங்க மாட்டுன எடம் ஒண்ணு. பேமென்ட் பண்ற வரைக்கும் எட்டு நிமிஷம் பெர்த்த பிடிச்சு வைக்கிறோம். எட்டு நிமிஷம் முடிஞ்ச ஹோல்ட எல்லாம் கணக்குல எடுக்காதன்னு கன்ஸ்ட்ரெயின்டு கண்டிஷன்லயே எழுதிடலாம்னு பாத்தா போஸ்ட்கிரெஸ் ஒத்துக்காது, இப்ப மணி என்னன்னு கேக்குற ஃபங்ஷன் ஒவ்வொரு தடவையும் வேற பதில் சொல்லும், அத அங்க வைக்க விடாது. அதனால புது ஹோல்டு போடுற அதே ட்ரான்சாக்ஷன்ல, முதல்ல அந்த பெர்த்தோட காலாவதியானத தூக்கிட்டு அப்புறம் புதுச போடணும். நிமிஷத்துக்கு ஒரு தடவ ஓடுற ஜாப்ப மட்டும் நம்புனா, ஜாப்பு தூங்குன அன்னைக்கு பஸ்சே ஃபுல்லா தெரியும். தெரிஞ்சுச்சு, ஒரு சனிக்கிழம.

யுபிஐ இன்னொரு கூத்து. ஆளு வெப்சைட்டுல இருந்து யுபிஐ ஆப்புக்கு போறாரு, பின்னு அடிக்கிறாரு, பெண்டிங்ன்னு சுத்துது, கடுப்பாகி மூடிடுறாரு. பதினோராவது நிமிஷம் பேமென்ட் கேட்வேல இருந்து சக்சஸ்ன்னு வெப்ஹூக் (நம்ம சர்வருக்கு தானா வர்ற தகவல்) வருது. ஹோல்டு போய் மூணு நிமிஷம் ஆச்சு. ஆரம்பத்துல அத அப்படியே ரீஃபண்டுக்கு தள்ளிட்டு இருந்தோம், காசு திரும்ப அஞ்சாறு வேல நாள் ஆகும், போன்ல வாங்குன திட்டு கணக்கில்ல. இப்ப பெர்த்து இன்னும் காலியா இருந்தா அப்படியே கன்ஃபார்ம் பண்ணிடுறோம், போயிடுச்சுன்னா அதே மாதிரி இன்னொரு பெர்த்த காட்டி, ஓகேவா இல்ல ரீஃபண்டான்னு கவுன்டர்ல இருந்தே கூப்ட்டு கேக்குறாங்க. அப்புறம் ஒரே வெப்ஹூக் ரெண்டு மூணு தடவ வரும், அது கேட்வே தப்பு இல்ல, நம்ம பதில் லேட்டானா திரும்ப அனுப்புவான். ஒரே பேமென்ட் நம்பர் ரெண்டாவது தடவ ஏறாதபடி யூனிக் போடாம விட்டதுல ஒரு அம்மாவுக்கு நாலு எஸ்எம்எஸ் போய், நாலு டிக்கெட் போட்டுட்டோமான்னு பயந்து ஆட்டோ புடிச்சு கவுன்டருக்கே வந்துட்டாங்க.

லேடீஸ் சீட்டு ரூல் வெளில இருந்து பாக்க சின்ன விஷயம். டபுள் பெர்த்துல ஒரு பக்கம் லேடீஸ் தனியா போட்டா பக்கத்துல லேடீஸ்தான். ஒண்ணா போட்டா யாரு வேணா. சரி, ஒண்ணா போட்ட புருஷன் பொண்டாட்டில புருஷன் மட்டும் கேன்சல் பண்ணா? அந்த காலி பெர்த்து உடனே லேடீஸுக்கு மாறணும். நாங்க அத பொதுவுல விட்டுட்டோம், நல்லவேள சார்ட் எடுக்குறப்ப அண்ணன் கண்ணுல பட்டுச்சு. தனியா போற பொம்பள புள்ளைங்களுக்கு டிரைவர் பக்கம் முன்னாடி கீழ சிங்கிள குடுக்குறதும் அவரு பழக்கம், அதையும் கேட்டு சேத்தோம்.

பர்மிட்டு கதைய ஒரு வரில சொல்லிடுறேன். ஆம்னி பஸ்சு 1988 மோட்டார் வாகனச் சட்டப்படி கான்ட்ராக்ட் கேரேஜ், வழி நெடுக ஏத்தி இறக்குறது ஸ்டேஜ் கேரேஜோட வேல, நடைமுறைல என்ன நடக்குதுன்னு ராத்திரி ரோட்டுல நிக்கிற எல்லாருக்கும் தெரியும், நான் அதுல தீர்ப்பு சொல்லல. ஆனா செக்கிங்ல பேசஞ்சர் லிஸ்ட்டு கேட்டா டிரைவர் கையில இருக்கணும், "முந்திரி"ன்னு எழுதுன லிஸ்ட்ட காட்ட முடியாது. ஜிஎஸ்டி அடுத்தது. ஏசி டிக்கெட்டுக்கு 5 சதவீதம். நம்ம ஓனர் கம்பெனி இல்ல, தனி ஆளு பேர்லதான் ஓட்டுறாரு, அதனால 2022 ஜனவரில இருந்து ஆப்பு வழியா வித்ததுக்கு ஆப்பே கட்டணும், கவுன்டர்லயும் சொந்த வெப்சைட்லயும் வித்ததுக்கு இவரு கட்டணும். டிக்கெட் எந்த வழியா வந்துச்சுன்னு முதல் நாள்ல இருந்தே எழுதி வச்சது இங்க காப்பாத்துச்சு. ஒண்ணாவது உருப்படியா பண்ணோம்.

விடிஞ்சா சனி

திண்டிவனத்துல பஸ்சு 12.10. வெள்ளி ராத்திரி கடலூர்ல கிளம்புற பஸ்சு திண்டிவனம் வர்றப்ப தேதி சனிக்கிழம ஆயிடும். சிஸ்டம் எல்லாத்துக்கும் கிளம்புற தேதியத்தான் காட்டிட்டு இருந்துச்சு, அப்புறம் ஒருத்தர் இது தப்புன்னு சொன்னதுல திண்டிவனத்துக்கு மட்டும் "சனி, 12.10 ஏஎம்"ன்னு மாத்துனோம். கம்ப்யூட்டருக்கு அது சரி. அடுத்த வாரமே ஒரு அம்மா போனு, சனிக்கிழம ராத்திரி பன்னெண்டரைக்கு, "தம்பி, பொண்ணோட நிக்கிறேன், பஸ்சு எங்க பா வருது?" பொண்ணுக்கு திங்கள் காலைல பெங்களூர்ல வேலைல சேரணும். அவங்க பஸ்சு முந்தின ராத்திரியே போயிடுச்சு. அவங்க மேல ஒரு தப்பும் இல்ல, நம்ம ஊர்ல சனிக்கிழம ராத்திரின்னா சனிக்கிழம சாப்ட்டு முடிச்சு வர்ற ராத்திரிதான், பொழுது விடிஞ்சாத்தான் அடுத்த நாளு. ஏஎம் பிஎம் எல்லாம் பரீட்சைல எழுதுறதுக்கு.

கவுன்டர் அண்ணன் இத எப்படி சொல்லுவாருன்னு கேட்டோம். "வெள்ளி ராத்திரி, விடிஞ்சா சனி"ன்னாரு. அப்படியே எடுத்து டிக்கெட்டுல போட்டுட்டோம்: வெள்ளி ராத்திரி 12.10, விடிஞ்சா சனி. உள்ள ட்ரிப்புக்கு கிளம்புற தேதி ஒண்ணு, ஒவ்வொரு ஸ்டாப்புக்கும் நெஜமான தேதி நேரம் ஒண்ணு, தேடுறப்ப ரெண்டு தேதில எத குடுத்தாலும் பஸ்சு வரும், கூடவே எந்த ராத்திரின்னு கேக்கும். அதுக்கப்புறம் இந்த வகைல ஒரு போனும் வரல. அந்த பொண்ணுக்கு ஞாயிறு ராத்திரி பஸ்சுல இடம் குடுத்து, திங்கள் காலைல மடிவாளாவுல இறங்கி நேரா ஆபீஸ் போச்சு.

ஸ்டாப்பு நேரம் மட்டும் இல்ல, ஸ்டாப்பே மாறும். பௌர்ணமிக்கு திருவண்ணாமலைல கிரிவலம், ஊருக்குள்ள பஸ்சு போகாது, வெளில நிறுத்துவாங்க. கார்த்திகை தீபம்னா இன்னும் தூரம். தேதிக்கு தேதி போர்டிங் பாயிண்ட் மாத்துற வசதி இல்லாம கட்டுனா மாசத்துக்கு ஒரு தடவ திட்டு நிச்சயம். 2023 டிசம்பர் கடைசில சென்னைல கிளாம்பாக்கம் பஸ் ஸ்டாண்டு திறந்து அடுத்த மாசமே ஆம்னி பஸ்சுங்கள அங்க போகச் சொன்னப்போ, கோயம்பேடுன்னு டிக்கெட் போட்டிருந்தவங்க பட்ட பாடு ஞாபகம் இருக்கும்.

மூணு காந்தி

பாண்டில எங்களுக்கு ரெண்டு பிக்கப்பு. இந்திரா காந்தி சிலை ஒண்ணு, ராஜீவ் காந்தி சிலை ஒண்ணு. ஊர்க்காரனுக்கு ரெண்டும் வேறன்னு சொல்ல வேண்டியதில்ல. மூணாவதா ஒரு காந்தி சிலை பீச்சுல இருக்கு, அவருதான் மகாத்மா.

எஸ்எம்எஸ் அனுப்பணும்னா இப்ப டெம்ப்ளேட்ட முன்னாடியே டிஎல்டில (டெலிகாம் கம்பெனிங்களோட பதிவு சிஸ்டம்) ரிஜிஸ்டர் பண்ணணும், நாங்க பண்ணப்ப மாறுற இடத்துல ஒவ்வொண்ணுக்கும் 30 எழுத்துதான். தமிழ்ல அனுப்புனா இன்னும் கஷ்டம், இங்கிலீஷுக்கு ஒரு மெசேஜுல 160 எழுத்து, தமிழுக்கு 70தான், அதுலயும் நம்ம கொம்பு, கால், புள்ளி எல்லாம் தனித்தனியா எண்ணுவான். "புதுச்சேரி"ன்னு எழுதவே பத்து போயிடும். ஒரு டிக்கெட்டுக்கு தமிழ்ல மூணு மெசேஜ் காசு ஆகுது. இந்த 30க்குள்ள அடக்க எங்க பையன் ஒருத்தன் பிக்கப்ப "பாண்டி ஐ காந்தி சிலை"ன்னு சுருக்கி வச்சான். பெங்களூர்ல இருந்து வந்து திரும்புற நாலு பசங்க, அத ஆட்டோக்காரர்கிட்ட காட்டி இருக்காங்க, அவரும் காந்தி சிலைதானேன்னு கொண்டு போய் பீச்சுல இறக்கி விட்டுட்டாரு. பஸ்சு ஊரோட மேற்குக் கோடில, பசங்க கிழக்குக் கோடில கடல பாத்து நிக்கிறாங்க, மணி 11.10. டிரைவர் திட்டிக்கிட்டே இருபது நிமிஷம் நிறுத்தி ஏத்துனாரு.

மேப் லிங்க் அனுப்பிடலாம்னா, 2024 அக்டோபர்ல இருந்து லிங்க்கையும் முன்னாடியே பதிஞ்சு வச்சாத்தான் போகும். அத பதிஞ்சு, சின்ன லிங்க் ஒண்ணு, கூட "இந்திரா சிலை"ன்னு ரெண்டே வார்த்த. காந்திய எடுத்துட்டோம்.

ஃபெஞ்சல்

2024 நவம்பர் 30, சனிக்கிழம ராத்திரி ஃபெஞ்சல் புயல் பாண்டி பக்கத்துல கரைய கடந்துச்சு. கடந்துட்டு போகாம அங்கயே நின்னு பேஞ்ச மழ இங்க இருந்தவங்களுக்கு சொல்லவே வேணாம். சனிக்கிழம பஸ்ச மத்தியானமே நிறுத்தியாச்சு. ஞாயிறு, திங்களுக்கு போகலாமா வேணாமான்னு பேசிட்டு இருக்கும்போதே தென்பெண்ணைல வெள்ளம், திருவண்ணாமலைல மண்சரிவு, ஊத்தங்கரைல நிறுத்தி வச்ச வண்டிங்க தண்ணில உருண்டு போற வீடியோ. எங்க ரூட்டே அதான். மூணு நாள் ஒரு பஸ்சும் கிடையாது.

எங்ககிட்ட கேன்சல் பட்டன் இருந்துச்சு, டிக்கெட்டுக்கு ஒண்ணு. ட்ரிப்ப மொத்தமா கேன்சல் பண்ண பட்டன் இல்ல. ஒரு ட்ரிப்புல முப்பது பேரு, போக வர ரெண்டு சர்வீஸ், மூணு நாளு. அதுலயும் டிக்கெட்டு நாலு வகை. சொந்த வெப்சைட்டுன்னா கேட்வே வழியா ரீஃபண்டு, ஆப்புல வந்ததுன்னா அவங்க திருப்பி குடுத்து நம்ம கணக்குல கழிப்பாங்க, ஏஜென்ட் டிக்கெட்டுன்னா ஏஜென்டுக்கு குடுத்து அவரு ஆளுக்கு குடுக்கணும், கவுன்டர் டிக்கெட்டுன்னா கையில பணம். கேன்சலேஷன் சார்ஜு வேற தானா புடிச்சுட்டு இருந்துச்சு, பஸ்ச நிறுத்துனது நாங்க, சார்ஜு ஆளுக்கு! முதல் பதினஞ்சு பேருக்கு அப்படி போனதுக்கு அப்புறம்தான் கவனிச்சோம்.

இதுல பாண்டில கரன்ட் இல்ல, நெட்டு இல்ல. சர்வர் எங்கயோ மும்பைல ஜம்முன்னு ஓடுது, அத தொடத்தான் இங்க யாருகிட்டயும் சார்ஜு இல்ல. கடலூர் கவுன்டர்ல அண்ணன் என்ன பண்ணாரு, பீரோவ திறந்து பழைய நோட்ட எடுத்தாரு. டார்ச்சு வெளிச்சத்துல, வந்து கேட்டவங்களுக்கு காச குடுத்து, கட்டம் போட்டு, பேரு எழுதி, கையெழுத்து வாங்கி வச்சாரு. போன்ல கேட்டவங்கள "அடுத்த வாரம் வா பா, எங்க போயிடப் போறேன்"னு சொல்லி எழுதி வச்சாரு. மூணு நாளு கம்பெனி மறுபடியும் அந்த நோட்டுலதான் ஓடுச்சு.

கரன்ட் வந்ததும் அந்த பக்கங்கள சிஸ்டத்துல ஏத்தணும். எங்க சிஸ்டம் முடியாதுன்னுச்சு: முடிஞ்ச ட்ரிப்புல கை வைக்க விடாது, பணம் குடுத்த தேதிய பின்னாடி போட விடாது, போன் நம்பர் இல்லாம ரீஃபண்டு போடாது. எல்லாமே நாங்க பாதுகாப்புன்னு பெருமையா வச்ச ரூல்தான். ராத்திரியோட ராத்திரியா "நோட்டு என்ட்ரி"ன்னு ஒரு ஸ்கிரீன் எழுதுனோம், அழகு கெடையாது, நாலு பெட்டி: எப்ப நடந்துச்சு, எப்ப ஏத்துறோம், யாரு எழுதுனது, நோட்டு பக்கத்தோட போட்டோ. இத முதல் மாசமே கட்டியிருக்கணும். இப்பவும் நெட்டு போற அன்னைக்கு எல்லாம் அதுதான் ஓடுது, வெப்சைட்டுல பண்ண மத்த எதவிடவும் அண்ணனுக்கு அதுதான் பிடிக்கும்.

டிரைவர் போன்ல சார்ட்ட ஆஃப்லைனா வைக்கிறதும் அதுக்கப்புறம் வந்ததுதான். ட்ரிப்பு கேன்சல் பட்டனும். வண்டி மாத்துறது இன்னும் அரையும் குறையுமா நிக்குது, ஏசி மக்கர் பண்ணி ஸ்லீப்பருக்கு பதிலா ரெண்டும் ரெண்டும் புஷ்பேக் வண்டி வந்தா முப்பது பெர்த்துக்காரங்கள எந்த சீட்டுல வைக்கிறதுன்னு சிஸ்டம் சொல்றத அண்ணன் ஒரு தடவகூட ஏத்துக்கல, வயசானவங்கள முன்னாடி போடணும்னு கையாலதான் மாத்துறாரு. வயசு எங்ககிட்டதான் இருக்கு, அத பாக்கணும்னு எங்களுக்குத்தான் தோணல.

புயல் ரீஃபண்டு கணக்கு முடிய ஜனவரி ஆச்சு. எல்லாம் டேலி ஆகி கடைசில ஒரே ஒரு வரி நின்னுச்சு: "முந்திரி, 2, கீழ, தரணும்." போன் நம்பர் இல்ல. பண்ருட்டில முந்திரி வியாபாரின்னு தேடுனா ஊர்ல பாதி பேரு வருவாங்க. சஸ்பென்ஸ் கணக்குல (யாருதுன்னு தெரியாத பணத்த வைக்கிற கணக்கு) போட்டு மூடிடலாம்னு நான் சொன்னேன், அண்ணன் வேணாம்னுட்டாரு. பொங்கல் கழிச்சு ஒரு சாயந்தரம் அந்த முந்திரிக்காரரே கவுன்டருக்கு வந்து நின்னு, வெள்ளிக்கிழமைக்கு கீழ ரெண்டு கேட்டாரு. அண்ணன் கட்டத்த தொட்டு "முந்திரி"ன்னு அடிச்சு, பழைய காச அதுலயே கழிச்சுட்டு, "நம்பர சொல்லு பா, இந்த பசங்க உயிர வாங்குறானுங்க"ன்னாரு.